"பரவாயில்ல" என்று சொன்னால் எந்தப் பெட்டியில் புள்ளடி போடுவது?

படுவான்கரைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைப் பக்கம். பட்டம் முடித்தாயிற்று, வேலைதான் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று காசு.

இந்த வருசம் மூன்று விதமான படிவம் தூக்கிவிட்டேன். முதலாவது சீனி வருத்தம் பற்றியது. வயது, இடுப்புச் சுற்றளவு, குளிசை ஒழுங்காகப் போடுகிறாரா, கிளினிக் போய் எத்தனை மாதம். அதில் பிரச்சினையே இல்லை. இரண்டாவது மனநலம். மனச்சோர்வை அளக்கிற பி.எச்.கியூ-9 என்று ஒன்பது கேள்வி. கடந்த 2 கிழமைக்குள் இப்படி இருந்ததா என்று கேட்டு நான்கு பெட்டியில் ஒன்றில் புள்ளடி போட வேண்டும்: இல்லவே இல்லை, சில நாட்கள், பாதிக்கு மேற்பட்ட நாட்கள், கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும். மூன்றாவது பிரதேச செயலகத்தின் சேவை திருப்தியா என்பது.

இனி என் கதை. சுனாமி அடித்த நாவலடியில் ஒரு ஆச்சி. திண்ணையில் இருந்து நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தார். நித்திரைக் கேள்வியைக் கேட்டேன். கையை நிறுத்திவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"எந்த ரெண்டு கிழமையக் கேக்கிறாய் மகள்? கடல் வந்த நாள்ல இருந்து கேட்டா எனக்குச் சொல்ல ஏலும்."

"இல்ல ஆச்சி, இந்த ரெண்டு கிழமை மட்டும்."

"அப்ப பரவாயில்ல."

மறுகா நெத்தலியை எடுத்துவிட்டார். நான் 'சில நாட்கள்' என்பதில் புள்ளடி போட்டேன். பஸ்ஸில் வரும்போது 'ஒவ்வொரு நாளும்' என்பதில் போட்டிருக்க வேண்டுமோ என்று தோன்றியது. அன்றைக்கு இரவு எனக்கே நித்திரை இல்லை, அந்தக் கேள்விக்கு எனக்கும் ஒரு புள்ளி விழும்.

என் கேள்வி இதுதான். படிவத்தில் இருக்கிற தமிழை எங்கட பேச்சில் மாற்றிக் கேட்கலாமா? "பரவாயில்ல" என்றால் எந்தப் பெட்டி? இன்னொன்று. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற யோசனை வந்ததா என்பது. வேறொரு வீட்டில் ஒரு அக்கா "ஓம்" என்றார். புள்ளடி போட்டுவிட்டு எழும்பி வரச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அது இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது.

வாவிக்கரை:

தங்கச்சி, கடைசியில் கேட்டதுக்கு முதலில் வருகிறேன். ஒன்பதாவது கேள்விக்கு "ஓம்" வந்தால் அது தரவு மட்டும் இல்லை. அப்படி வந்தால் யாருக்குச் சொல்வது, எங்கே அனுப்புவது என்று எழுதிக் கொடுக்காமல் அந்தக் கேள்வியோடு ஆளை வீட்டுக்கு அனுப்பவே கூடாது. உங்கள் மேற்பார்வையாளரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் மழுப்பினால், ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த நெறிமுறைக் குழுவின் விபரம் சம்மதப் படிவத்தில் இருக்கும், அங்கே அறிவியுங்கள். அந்த அக்காவிடம் 1926 என்ற இலக்கத்தைக் கொடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசிச் சேவை அது. போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. முடிந்தால் நீங்களே ஒருக்கால் போய்ப் பாருங்கள்.

சரி, பெட்டி விசயம். மூன்று படிவமும் ஒரே மாதிரிக் கடதாசிதான், ஆனால் அளக்கிற சாமான் வேறு. வெறும் வயிற்றில் சீனி 126 என்றால் 126தான், ஆச்சி என்ன சொன்னாலும் மாறாது. எங்கட பக்கம் மெலியோய்டோசிஸ் பற்றி ஆராய்கிறவர்களுக்கும் அந்த நிம்மதி உண்டு. வயல் மண்ணிலும் சேற்றுத் தண்ணியிலும் இருக்கிற கிருமியால் வருகிற வருத்தம் அது. மண்ணை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனால் கிருமி வளரும், அல்லது வளராது. மண் "பரவாயில்ல" என்று சொல்லாது.

மனநலத்தில் அளவுகோலே அந்தச் சொற்கள்தான். நீங்கள் ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரி கேட்டால் இரண்டு பேரின் கணக்கையும் கூட்ட ஏலாது. அதனால்தான் எழுதியபடி வாசி, விளங்காவிட்டால் திரும்ப வாசி என்கிறார்கள். "பரவாயில்ல" என்று வந்தால் நீங்களாகப் பெட்டியைத் தெரியாதீர்கள். நான்கையும் திரும்ப வாசித்து "இதில எது ஆச்சி?" என்று கேளுங்கள். பி.எச்.கியூவில் மொத்தம் 27 புள்ளி, பொதுவாக 10 அல்லது அதுக்கு மேல் வந்தால்தான் கவனிப்பார்கள். ஆச்சியின் மற்றப் பதில்கள் 8 புள்ளி என்று வையுங்கள். உங்கள் பேனை 'சில நாட்கள்' என்பதில் நின்றால் 1 புள்ளி சேர்ந்து 9, 'ஒவ்வொரு நாளும்' என்பதில் நின்றால் 3 சேர்ந்து 11.

ஆனால் பேச்சுத்தமிழ் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. அதை வீட்டு வாசலில் செய்யக் கூடாது, படிவம் அச்சடிக்க முதலே செய்திருக்க வேண்டும். பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்து, "இந்தக் கேள்வி உங்களுக்கு என்னெண்டு விளங்கிச்சு?" என்று விசாரிக்கிற வேலை ஒன்று இருக்கிறது. செலவு என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

திருக்கோவில் மிட்வைஃப் (பென்சன்):

மகள், பெருமூச்சையும் எழுதி வையுங்கோ. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் எங்கட சனம் துக்கத்தைச் சொல்கிற விதங்களில் ஒன்றாக அதை எழுதியிருக்கிறார்கள். நானும் பிள்ளை பெற்ற வீடுகளில் பார்த்தது அதுதான். வாயால் "ஒண்டுமில்ல மிஸ்" என்பாள், மூச்சு வேறு கதை சொல்லும்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு எடின்பரோ கேள்விக்கொத்து என்று ஒன்று உண்டு. 1987இல் வந்தது, 10 கேள்வி, கடந்த 7 நாளைக் கேட்கும். அதில் ஆறாவது கேள்வி மூல மொழியில் ஒரு மரபுத்தொடர். பயிற்சிக்கு வந்த பிள்ளை ஒன்று அதைத் தானே தமிழாக்கி, "சாமான்கள் என் மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன" என்று வாசித்தது. தாய் அசையாமல் மேலே பார்த்தாள். பரணில் இருந்த நெல்லு மூட்டையைத்தான்! "எல்லாம் தலைக்கு மேல போற மாதிரி இருக்கா?" என்று நான் கேட்டவுடன் அழத் தொடங்கிவிட்டாள்.

சாய்ந்தமருதான்:

மூன்றாவது படிவம் பற்றி ஒருத்தரும் பேசவில்லையே. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நானும் அதைத் தூக்கினவன். 22 கேள்வி என்றால் அது சேர்வ்குவால், சேவையின் தரத்தை அளக்கிற கேள்விக்கொத்து. அமெரிக்காவில் வங்கி, கடன் அட்டை, சாமான் திருத்துகிற கடை என்று பார்த்து 1988இல் செய்தது. எதிர்பார்த்தது ஒரு தடவை, கிடைத்தது ஒரு தடவை என்று இரண்டு முறை கேட்க வேணும். அலுவலகத்தில் நவீன உபகரணம் இருக்கா, ஊழியர்கள் நேர்த்தியாக உடுத்திருக்கிறார்களா என்றெல்லாம் வரும்.

ஒரு உம்மா சொன்னா: "சாரி நல்ல வடிவுதான் மகன். மூண்டு தரம் வரச் சொன்னதுதான் பிழை." உடுப்புக்கு 5 போட்டேன். மூன்று தரம் வரச் சொன்னதுக்கு அந்த 22இலும் நேரான கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் 'உடனடிச் சேவை' என்பதுக்குள் திணித்தேன்.

இன்னொன்று: உங்களோடு ஆர் வருகிறார் என்று பாருங்க. எங்களுக்கு வீடு காட்ட ஜீ.எஸ். ஐயா, அதுதான் கிராம சேவகர், மோட்டார் சைக்கிளில் வந்தார். படலையடியில் அவர் நிற்கும்வரை ஊரே "மிகவும் திருப்தி". அவர் போன் கதைக்கத் தள்ளிப்போன ஒரு வீட்டில்தான் எனக்கு உண்மையான படிவம் ஒன்று கிடைத்தது.

படுவான்கரைப் பிள்ளை:

மூன்று பேருக்கும் நன்றி. ஐயோ, எங்களுக்கும் ஜீ.எஸ். வந்தார்! பிரதேச செயலகப் படிவம் 40இல் 36 "திருப்தி". சந்தோசப்பட்டுக்கொண்டு இருந்தேன்.

மேற்பார்வையாளர் மெடத்துக்கு நேற்று எடுத்தேன். முதலில் "அது எங்கட வேலை இல்ல" என்றா. பிறகு என்ன நினைத்தாவோ, பின்னேரம் தானே எடுத்து, ஒன்பதாவது கேள்விக்கு "ஓம்" வந்த வீடுகளின் படிவ இலக்கத்தைக் கேட்டா. என்னிடம் ஒன்று. மற்றப் பிள்ளைகளிடம் இன்னும் நாலு இருந்ததாம். சனிக்கிழமை அந்த அக்காவைப் பார்க்கத் தாதி ஒருவரோடு போகிறோம்.

ஆச்சியிடமும் போனேன். நான்கு பெட்டியையும் மெல்ல வாசித்தேன். நன்றாகக் கேட்டுவிட்டு, "ஒவ்வொரு நாளும் எண்டே போடு. ஆனா பரவாயில்ல எண்டும் பக்கத்தில எழுது" என்றார். எழுதினேன், ஓரத்தில், பேனையால். கணினியில் ஏற்றுகிறவர் அதைப் பார்ப்பாரோ தெரியாது.

சாய்ந்தமருதான்:

ஏற்றுகிறவனும் நான்தான் இப்ப, வேறொரு ஆராய்ச்சிக்கு. ஓரத்தில் எழுதினதுக்கு எக்செலில் பெட்டி இல்லை தங்கச்சி. நானாக ஒரு நிரல் கூட்டி வைத்திருக்கிறேன், 'வேறு' என்று. அதுசரி, உங்கட ஆக்கள் படிவம் ஒன்றுக்கு எவ்வளவு தாறாங்க? எங்களுக்குப் பஸ் காசுக்கே காணாது.