புதுப்பிப்பு: 'பாஸிங்' ஆய்வு, ஒரு அத்தியாயம் வெட்டுப்பட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: நெல்லா லார்சன் 1929இல் எழுதிய 'பாஸிங்' நாவலையும் ரெபெக்கா ஹாலின் 2021 படத்தையும் இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்து, தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் நம் மட்டக்களப்போடு ஒப்பிடலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஒப்பீட்டு அத்தியாயத்தை மேற்பார்வையாளர் முழுதாக வெட்டிவிட்டார். இரண்டு நாள் அழுதேன். மறுகா (பிறகு) யோசித்தால் அவர் சொன்னது சரி. கதையில் கறுப்பினப் பெண் கிளேர் தன் இனத்தை மறைத்து வெள்ளைக்காரியாக வாழ்வதற்கு (அதுதான் 'பாஸிங்') பின்னால் அடிமை முறையும் நிறச் சட்டங்களும் இருக்கின்றன. அதையும் நம் ஊரையும் ஒரே தட்டில் வைக்க ஏலாது.

இப்போது படத்தையே நெருங்கிப் பார்க்கிறேன். கிளேரும் அவளுடைய பழைய கறுப்பினத் தோழி ஐரீனும் மறுபடி சந்திப்பது நாவலில் சிக்காகோவில் நடக்கிறது; படத்தில் அது நியூயோர்க்குக்கு வருகிறது. தேநீர் அறையில் ஐரீன் தொப்பியைத் தாழ்த்தி முகத்தை மறைக்கிறாள். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் யாருடைய தோல் என்ன நிறம் என்று பார்க்கிற நமக்கே பிடிபடுவதில்லை. இதைப் பற்றியே பத்துப் பக்கம் எழுதலாம்.

நம் ஊர் முன்னுரையில் மட்டும் நிற்கிறது. காத்தான்குடி முஸ்லிம் தோழியின் உம்மா "மறுகா வாங்க மகள்" என்பார். என் அம்மாவின் வாயிலும் அதே 'மறுகா'. தாய்வழியாக வரும் குடிமுறையும் (குலப் பிரிவு) இரு பக்கமும் உண்டு. ஆனால் பஸ்ஸில் ஏறினால் என் பொட்டையும் அவளுடைய முக்காட்டையும்தான் முதலில் பார்க்கிறார்கள்.

திருத்திய வரைவு வெள்ளிக்கிழமை போகிறது.