டொமைன் விற்க மெயில் போட்டால் யாரும் திறப்பதில்லை, சப்ஜெக்டில் என்ன எழுதுவது?

மலர், கட்டபெட்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் கட்டபெட்டு. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. நான் வீட்டிலிருந்தே ஒரு ஹோட்டலுக்கு புக்கிங் பார்க்கிறேன். அதோடு இரண்டு வருடமாக டொமைன் பெயர்கள், அதாவது வெப்சைட் முகவரிப் பெயர்கள், விற்பதற்காக வாங்கி வைத்திருக்கிறேன். மொத்தம் 11. எல்லாமே நம் மலைப் பெயர்கள்தான், ஊர்ப் பெயரோடு டீ, ஸ்டே, தேன் என்று ஏதாவது ஒன்று சேர்த்தது. ஒன்றில் மட்டும் ஊட்டியில் இருக்கிற ஒரு சாக்லேட் கடையின் பெயரே வருகிறது.

நவம்பரில் ஏழு பெயருக்கு ரினியூவல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதற்குள் இரண்டு பெயராவது விற்றால் மீதியைத் தாங்கிக்கொள்வேன்.

போன மாதம் 43 பேருக்கு மெயில் அனுப்பினேன். பதில் போட்டது இரண்டே பேர். ஒருவர் வேண்டாம் என்றார். இன்னொருவர் "இது ஃப்ராடு மெயிலா?" என்று கேட்டிருந்தார். அது மனதை ரொம்ப உறுத்துகிறது.

நான் போட்ட சப்ஜெக்ட் வரிகள் இவை. அனுப்பியது ஆங்கிலத்தில், இங்கே தமிழில் சொல்கிறேன்:

"உங்கள் தொழிலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்லும் பிரீமியம் டொமைன்", இதற்குப் பிறகு டொமைன் பெயர்.
"கடைசி வாய்ப்பு! போட்டியாளர் இந்தப் பெயரை எடுப்பதற்கு முன்"
"அவசரம்: உங்கள் டொமைன் குறித்து"

உள்ளே கடிதத்தை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறேன். திறந்து பார்த்தால்தானே படிப்பார்கள்?

கூடலூர்க்காரன்

சப்ஜெக்டுக்கு முன்னால் "ரீ:" என்று சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே பேசிய விஷயம் என்று நினைத்துத் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்புங்கள்.

சேகர், குன்னூர்

தம்பி, "ரீ:" வேண்டவே வேண்டாம். திறந்த அடுத்த நொடியே ஏமாற்றிவிட்டான் என்று தெரிந்துவிடும். பொய்யில் ஆரம்பித்த ஆளிடம் யார் பணம் கொடுப்பார்கள்? வெளிநாட்டுக்கு விற்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவில் 2003-இல் வந்த கேன்-ஸ்பாம் சட்டம், ஏமாற்றும் சப்ஜெக்ட் வரியைத் தடை செய்கிறது.

மலரம்மா, நான் பெட்போர்டில் இருக்கிறேன். பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலை. உங்கள் முதல் வரியைப் போலவே நானும் எழுதிக்கொண்டிருந்தேன். அது மாறியது ஒரு வர்க்கிக் கடையில்.

அந்த பேக்கரிக்காரருக்கு ஏற்ற ஒரு பெயர் என்னிடம் இருந்தது. மூன்று மெயில் அனுப்பியும் சத்தமே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வர்க்கி வாங்கப் போனபோது, "அண்ணா, என் மெயில் வந்துச்சா?" என்று நேராகவே கேட்டேன். அவர் கை முழுக்க மைதா. சுண்டுவிரலால் போனைத் தள்ளித் தள்ளித் தேடினார். என் மெயில் இருந்தது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "உங்கள் தொழிலை அடுத்த கட்டத்துக்கு…" அதோடு வெட்டுப்பட்டிருந்தது. மேலேயும் கீழேயும் லோன் தருகிறோம், வெப்சைட் செய்து தருகிறோம் என்று அதே மாதிரி ஏழெட்டு மெயில். அவர் வாங்க வேண்டிய பெயர் நான் எழுதிய வரியின் கடைசியில் இருந்தது. திரையில் அது இல்லவே இல்லை!

என் போனில் பார்த்தவரை சப்ஜெக்டில் முப்பத்தைந்து, நாற்பது எழுத்துதான் தெரிகிறது. தமிழ் எழுத்து அகலம், அதனால் இன்னும் குறையும். ஆகவே டொமைன் பெயரை முதல் வார்த்தையாக வையுங்கள். அதற்கு அடுத்து "விற்பனைக்கு". பிரீமியம், அரிய வாய்ப்பு, பொன்னான வாய்ப்பு எதுவும் வேண்டாம். பெயர் நன்றாக இருந்தால் பார்த்ததும் அவருக்கே தெரியும். நன்றாக இல்லாத பெயரை எந்த வார்த்தையாலும் தூக்கி நிறுத்த முடியாது.

அவரிடம் ஏற்கெனவே டாட் இன் இருந்து, உங்களிடம் அதே பெயரில் டாட் காம் இருந்தால், அதைச் சொல்லுங்கள். "உங்கள் டாட் இன் பெயரின் டாட் காம், விற்பனைக்கு" என்று. இது அவருக்கென்றே எழுதியது, வேறு யாருக்கும் பொருந்தாது. நான் விற்றதில் பாதிக்கு மேல் இந்த வகைதான். 43 பேருக்கு ஒரே வரியை அனுப்பினால் அது யாருக்கும் எழுதியதாக ஆகாது.

தமிழில் பேசும் கடைக்காரருக்கு, பெயருக்குப் பிறகு வருவதைத் தமிழிலேயே எழுதுங்கள். அனுப்புநர் இடத்தில் "சேல்ஸ் டீம்" என்று இருந்தால் மாற்றி உங்கள் பெயரைப் போடுங்கள்.

அந்த சாக்லேட் கடைப் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். கடைக்காரர் அதை டிரேட்மார்க் பதிவு செய்திருந்தால் சிக்கல். டாட் காம் தகராறுகளுக்கு, டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த யூடிஆர்பி விதி இருக்கிறது. உங்களுக்குச் செலவான காசுக்கு மேல் விலை வைத்து டிரேட்மார்க் உள்ளவருக்கே விற்கத்தான் பெயரை எடுத்தீர்கள் என்று தெரிந்தால், அதில் கெட்ட எண்ணத்துக்கு அதுவே சாட்சி. உங்கள் சப்ஜெக்ட் வரியையே எடுத்து நீட்டுவார்கள். டாட் இன் பெயருக்கும் இதே போல் ஐஎன்டிஆர்பி என்ற விதி உண்டு. ஊர்ப் பெயரும் டீயும் சேர்ந்தது வேறு கதை, அது பெரும்பாலும் பொதுவான சொல்.

வில்பட்டி ஹோம்ஸ்டே

நான் கொடைக்கானல். டொமைன் விற்றதில்லை, வாங்கியிருக்கிறேன். வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா, மலர்?

உங்கள் இரண்டாவது, மூன்றாவது வரியைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. காரணம் இருக்கிறது. வெப்சைட் வைத்திருக்கும் எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு மோசடி மெயில் இரண்டு வகையில் வந்துகொண்டே இருக்கும். ஒன்று, "உங்கள் டொமைன் காலாவதியாகிறது, உடனே பணம் கட்டுங்கள்." இன்னொன்று, "ஒரு சீனக் கம்பெனி உங்கள் பெயரைப் பதிவு செய்யக் கேட்டிருக்கிறது, நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்." முதல் வகையை நம்பி, சம்பந்தமே இல்லாத ஓர் இடத்துக்கு நான் ஒன்பதாயிரம் ரூபாய் கட்டினேன். சீசன் முடிந்து கையில் காசில்லாத ஜூலை மாதம் அது. மனைவியிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது.

அதிலிருந்து "அவசரம்", "கடைசி வாய்ப்பு", "போட்டியாளர்" என்று எது வந்தாலும் திறக்காமலே அழித்துவிடுவேன். உங்களை ஃப்ராடா என்று கேட்டவர் தப்பானவர் இல்லை. அவரும் எங்கேயோ சுட்டுக்கொண்டிருப்பார்.

நான் திறந்த மெயிலில் சப்ஜெக்ட் இப்படி இருந்தது: டொமைன் பெயர், ஒரு கோடு, "விற்கிறேன், உங்களுக்குப் பயன்படுமா?" அவ்வளவுதான். திறந்ததும் நான் பதில் போடவில்லை. அந்தப் பெயரை பிரவுசரில் அடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தில் "இந்தப் பெயர் விற்பனைக்கு" என்று ஒரு வரி, அதன் கீழே எனக்கு மெயில் அனுப்பிய அதே முகவரி. அப்போதுதான் இது இவருடையதுதான் என்று நம்பிக்கை வந்தது. போனில் பேசினோம். எஸ்க்ரோவில், அதாவது பணத்தை நடுவில் பிடித்து வைத்திருக்கும் மூன்றாவது ஆளிடம், பணம் போட்டேன், பெயர் என் கணக்குக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பணம் போனது.

உங்கள் 11 பெயரையும் அடித்தால் என்ன வருகிறது?

மலர், கட்டபெட்டு

அண்ணா, அடித்துப் பார்த்தேன். எதிலும் ஒன்றுமே வரவில்லை, பக்கம் கிடைக்கவில்லை என்கிறது. வாங்குகிறவர்கள் இப்படித் தேடிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் ஒன்பதாயிரத்தைப் படித்ததும் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. என் மெயிலைப் பார்த்தும் யாராவது அப்படிப் பயந்திருப்பார்கள். அந்த இரண்டு வரியையும் இனி எழுத மாட்டேன்.

சேகர், குன்னூர்

இன்னொன்று விட்டுப்போனது. 43 பேரையும் ஒரே மெயிலில், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி பிசிசி போட்டு அனுப்பினீர்களா? அப்படியானால் பலருக்கு ஸ்பாமுக்குள்தான் போயிருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஒரு நாளைக்கு நாலைந்து போதும். உங்கள் சொந்த டொமைன் முகவரியிலிருந்து அனுப்பினால் அந்த மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் அதில் கறாராக இருக்கிறது.

மலர், கட்டபெட்டு

பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். பத்துப் பெயருக்கும் விற்பனைப் பக்கம் போட்டுவிட்டேன். சாக்லேட் பெயரை ரினியூ செய்யப்போவதில்லை. பிசிசி போட்டதுதான் அண்ணா, நீங்கள் சொன்னது சரி.

இந்த முறை ஒன்பதே பேர். ஒவ்வொருவருடைய வெப்சைட்டையும் பார்த்துவிட்டு எழுதினேன், ஒரு மெயிலுக்கு அரை மணி நேரம் பிடித்தது. சப்ஜெக்டில் பெயர், "விற்பனைக்கு", "கட்டபெட்டு மலர்". அனுப்புவதற்கு முன் அப்பாவின் போனுக்கு ஒன்று அனுப்பி, எதுவரை தெரிகிறது என்று பார்த்துக்கொண்டேன். "மலர்" வெட்டுப்பட்டது, டொமைன் பெயரும் "விற்பனைக்கு" என்பதும் முழுசாகத் தெரிந்தது.

நாலு பதில் வந்தது. மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், அதில் ஒருவர் தன் தங்கை குன்னூரில் ஹோம்ஸ்டே தொடங்குவதாகச் சொல்லி அவர் முகவரியைக் கொடுத்தார். நாலாவது ஆள் கோத்தகிரியில் டீ பாக்கெட் போடுகிறவர். இப்போது ஊர்ப் பெயரை நீட்டி முழக்கிக் கோடெல்லாம் போட்டு ஒரு முகவரி வைத்திருக்கிறார். "நீங்க நம்ம கட்டபெட்டா? விலை என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

பதினைந்தாயிரம் சொல்லலாம் என்று இருக்கிறேன். சேகரண்ணா, அதிகமா?