47 குழந்தைகள், பால்வாடி இரண்டே கால் கிலோமீட்டர் தள்ளி: யாரிடம் போய்க் கேட்பது?

லைன்வீட்டுக்காரி, திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுதுவது முதல் தடவை.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற வழியில் ஒரு ஊராட்சியில் குடியிருக்கிறோம். ஊர் என்று சொல்ல முடியாது. பத்து வருசத்துக்கு முன்னால் சோளக்காடு, இப்போது எட்டு வரிசை லைன் வீடு. நான் ஒரு ஜாப் வொர்க் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறேன். வீட்டுக்காரர் டைலர். பாப்பாவுக்கு மூன்றே கால் வயது.

பால்வாடி இருக்கிறது. மெயின் ரோட்டைத் தாண்டி பழைய ஊருக்குள், கோயிலை ஒட்டி. வண்டியில் மீட்டர் பார்த்தேன், இரண்டே கால் கிலோமீட்டர். மாமியார் முட்டி வலியோடு இரண்டு மாதம் நடந்து கொண்டுபோய் விட்டார். ஒருநாள் பாப்பா கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள். டேங்கர் லாரிக்காரர் பிரேக் அடித்ததில் டயர் தேய்ந்த கறுப்புக் கோடு இரண்டு வாரம் ரோட்டிலேயே கிடந்தது. அன்றோடு நிறுத்தியாச்சு.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒடிசாக் குடும்பம். அப்பா அம்மா இரண்டு பேரும் காலை எட்டரைக்கு கம்பெனிக்குப் போனால் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து இரவுதான் வருவார்கள். மூன்று வயதுப் பையனையும் ஒன்றரை வயதுப் பெண்ணையும் ஏழு வயது அக்கா பார்த்துக்கொள்கிறாள். ஒரு அட்டைப் பெட்டியில் கட்டிங் வேஸ்ட்டை மெத்தை மாதிரிப் போட்டுத் தங்கச்சியை உட்கார வைத்திருப்பாள். மதியம் காலைச் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து இரண்டு பேருக்கும் ஊட்டுவாள். அவள் பள்ளிக்கூடம் போகாததற்கும் இதுதான் காரணம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எட்டு வரிசையும் நடந்தேன். ஆறு வயதுக்குக் கீழே 47 குழந்தைகள். அதில் 21 பேர் ஒடிசா, பீகார். ஊராட்சி ஆபீஸில் சொன்னதற்கு, "புது மையத்துக்கெல்லாம் மேலே இருந்து அனுமதி வரணும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். மேலே என்றால் எது? எங்கே மனு கொடுப்பது? ரேஷன் கார்டு இங்கே இல்லாத குழந்தைகளைக் கணக்கில் சேர்க்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணேஷ், கோவை

சகோதரி, இதற்கு ஏன் இவ்வளவு அலைச்சல்? உங்கள் பக்கம் பிளே ஸ்கூல்கள் நிறைய வந்துவிட்டன. வேன் வாசலுக்கே வரும். இங்கிலீஷும் வரும். பால்வாடியில் சாப்பிட்டுத் தூங்குவதைத் தவிர வேறு என்ன நடக்கிறது?

லைன்வீட்டுக்காரி

விசாரித்தேன் அண்ணா. வேனோடு சேர்த்து மாதம் 2,500. அது என்னுடைய ஒரு வாரச் சம்பளம். சரி, பல்லைக் கடித்துக்கொண்டு பாப்பாவைச் சேர்த்துவிடுகிறேன். அட்டைப் பெட்டிக் குழந்தையை யார் சேர்ப்பது?

பழைய டீச்சர், ஈரோடு பக்கம்

அம்மிணி, நான் 29 வருசம் பால்வாடி டீச்சராக இருந்து 2019இல் ஓய்வு பெற்றவள். கணேஷ் தம்பிக்கு அப்புறம் வருகிறேன், முதலில் உன் விஷயம்.

கணக்கெடுத்தது நல்ல காரியம். ஆனால் அந்த நோட்டை மட்டும் கொண்டுபோனால் மேஜை ஓரத்தில் வைத்துவிடுவார்கள். அது உன் கணக்கு, ஆபீஸுக்குத் தேவை அவர்களுடைய கணக்கு. அதனால் உங்கள் பகுதிக்குத் தடுப்பூசி போட வருகிற கிராம சுகாதார செவிலியரைப் பிடி. எந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று அவர்களிடம் பட்டியல் இருக்கும். வெளிமாநிலத்துக் குழந்தையும் அதில் இருக்கும், ஊசிக்கு யாரும் ரேஷன் கார்டு கேட்பதில்லை. உன் நோட்டையும் அந்தப் பட்டியலையும் வரிக்கு வரி ஒத்துப் பார். இரண்டிலும் இருக்கிற பெயரை யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒன்றில் மட்டும் இருப்பதைத் தனியாக எழுதி வை.

அடுத்தது, கோயிலை ஒட்டிய மையத்து டீச்சரைப் போய்ப் பார். சண்டைக்கு இல்லை. குடும்பக் கணக்கெடுப்பில் உங்கள் எட்டு வரிசையையும் எழுதியிருக்கிறாரா என்று கேள். அனேகமாக எழுதியிருக்க மாட்டார். இல்லையென்றால் பழைய சோளக்காட்டுக் கணக்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு ஆள் எத்தனை வீடு ஏறுவார்?

"மேலே" என்பதற்கு வருகிறேன். ஒன்றிய அரசு நாடு முழுக்க அனுமதித்தது 14 லட்சம் மையங்கள். அதில் தமிழ்நாட்டில் 54,439. புதிதாக ஒன்று கூட்ட வேண்டுமென்றால் பேச்சு டெல்லி வரைக்கும் போகும். ஊராட்சி ஆபீஸில் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. மீதிப் பாதி, இருக்கிற மையத்தை இடம் மாற்றக் கேட்பது. எங்கள் வட்டாரத்தில் ஒரு பழைய ஊரில் ஆறே குழந்தைகளோடு ஒரு மையம் இருந்தது. ஊர்க்காரர்கள் எல்லோரும் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டார்கள். டீச்சர் காலையில் கதவைத் திறந்து ஆறு தட்டு கழுவுவார். மூன்று கிலோமீட்டர் தள்ளி தறிக்காரர்கள் குடியிருப்பில் நாற்பது குழந்தை தெருவில் கிடந்தது. அந்த ஆறு பேரைப் பக்கத்து மையத்தில் சேர்த்துவிட்டு மையத்தை அங்கே கொண்டுபோனார்கள். ஒரு வருசம் இழுத்தது, ஆனால் நடந்தது. உங்கள் ஊராட்சியிலும் பக்கத்திலும் எந்த மையத்தில் தட்டு குறைவு என்று பார்த்து வை.

கட்டடம் இல்லை என்று கட்டாயம் சொல்வார்கள். வாடகைக் கட்டடத்தில் மையம் நடத்த அனுமதி உண்டு. லைன் வீட்டு ஓனரிடம் இப்போதே பேசு. கடைசி வீடு, தண்ணீர்க் குழாய், கக்கூஸ், முன்னால் கொஞ்சம் நிழல். போதும்.

மனுதாரர், திருச்சி

டீச்சரம்மா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28இல் எல்லாக் குடியிருப்புக்கும் மையம் வேண்டும் என்று சொன்னது. 2006 டிசம்பர் 13 உத்தரவு இன்னும் தெளிவு: ஆறு வயதுக்குக் கீழே 40 குழந்தைகள் இருந்து மையம் இல்லாத குடியிருப்பில் மக்கள் கேட்டால், கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் தர வேண்டும். உங்களிடம் 47 இருக்கிறது. அந்த உத்தரவை மட்டும் நம்பி நிற்காமல் 2013 தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4, 5 பிரிவுகளையும் எழுதுங்கள். 4ஆவது பிரிவு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும். 5ஆவது, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எல்லாக் குழந்தைக்கும் உள்ளூர் அங்கன்வாடி மூலம் இலவச உணவு. அதில் வருமான வரம்பு இல்லை, எந்த மாநிலத்துக் குழந்தை என்ற கேள்வியும் இல்லை. ஒடிசாக் குழந்தையை எழுதாமல் விட்டால் உங்கள் எண்ணிக்கைதான் 26க்கு இறங்கிப்போகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊரில் அந்தக் குழந்தைகள் பெயர் அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் செயலியில் பதிவாகியிருந்தால் இங்கே மாற்றிக்கொள்ள வழி உண்டு. டீச்சரிடம் சொன்னால் செய்வார்.

மனுவைக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுதி, மாவட்டத் திட்ட அலுவலருக்கு ஒரு நகல். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து மனு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். கிராம சபையில் தீர்மானமாக வந்தால் இன்னும் கெட்டி. எங்கள் ஊரில் ஒரு தடவை தீர்மானம் போட்டோம் என்றார்கள், அப்புறம் தீர்மான நோட்டில் பார்த்தால் தெருவிளக்கு மட்டும்தான் இருந்தது. எழுதி முடித்ததை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொன்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வந்தது. உங்கள் கம்பெனியில் எத்தனை பேர்?

லைன்வீட்டுக்காரி

எங்கள் யூனிட்டில் 28 பேர் அண்ணா. இந்தப் பக்கம் பாதி யூனிட் இப்படித்தான். பெரிய கம்பெனி ஆர்டர், சின்னச் சின்ன ஷெட்டில் வேலை. சட்டம் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போய்விடும்.

எம்.ஏ. மாணவன், சென்னை

கணேஷ் அண்ணன் கேட்ட கேள்விக்கு: தமிழ்நாட்டிலேயே நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். கார்த்திக் முரளிதரனும் வேறு இரண்டு பொருளியலாளர்களும் செய்த ஆய்வு. குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு அரை நாள் வேலைக்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டார்கள், முன்பருவக் கல்விக்கு என்றே. கட்டடம் மாறவில்லை, சாப்பாடு மாறவில்லை. ஒன்றரை வருசம் கழித்துப் பார்த்தால் பாடம் நடக்கும் நேரம் இரண்டு மடங்கு, குழந்தைகளுக்குக் கணக்கும் மொழியும் நன்றாக வந்திருந்தன. எனக்கு ஆச்சரியம் அடுத்ததில்தான். வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளும் குறைந்திருந்தார்கள். பாடத்துக்கு வந்த ஆளால் உயரம் எப்படிக் கூடும்? மையத்தில் ஏற்கெனவே இருந்த டீச்சருக்கு வேலைப் பளு குறைந்ததால் ஊட்டச்சத்து வேலையைக் கவனிக்க முடிந்தது. அவ்வளவுதான்.

பழைய டீச்சர்

தம்பி, இதற்கு ஆய்வு வேண்டியிருந்ததா! நன்றாக இரு.

என் ஒரு நாளைச் சொல்கிறேன். காலையில் போனதும் பூட்டைத் திறந்து, வராத குழந்தையைக் கூப்பிட நான் ஒரு தெரு, ஆயா ஒரு தெரு. ஆயாவுக்கு மேலுக்கு முடியவில்லை என்றால் அடுப்பும் என்னோடது. முட்டை போடுகிற நாளில் உரிக்கவே அரை மணி நேரம். நடுவில் சத்துமாவு வாங்கத் தாய்மார்கள் வந்து நிற்பார்கள். எடை நாள் என்றால் தராசை விட்டத்தில் மாட்டி, அழுகிற பிள்ளையைத் தொங்கவிட்டு, முள் நிற்கிற நேரம் பார்த்து எழுத வேண்டும். அப்புறம் ரிஜிஸ்டர்கள். பிற்பாடு போன் கொடுத்தார்கள். ரிஜிஸ்டர் போய்விடும் என்று நினைத்தோம், இரண்டும் சேர்ந்து நின்றது. டவர் கிடைக்காமல் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று ஏற்றியிருக்கிறேன். இதற்கு நடுவில்தான் தம்பி, பாட்டும் கதையும். சில நாள் ஒரு பாட்டு முழுதாக முடிந்தால் பெரிய விஷயம். பிள்ளைகள் தூங்கினார்கள் என்றால் நான் எங்கே ஓடிக்கொண்டிருந்தேன் என்று கேளுங்கள்.

பக்கத்து மையத்து டீச்சர் ஓய்வு பெற்றதும் அந்த மையத்தையும் "கூடுதல் பொறுப்பு" என்று என் தலையில் கட்டினார்கள். நான்கு வருசம் இரண்டு சாவி வைத்திருந்தேன். 2025இல் 7,783 காலியிடங்களை நிரப்ப ஆணை வந்தபோது சந்தோசம்தான். ஆனால் அந்த எண்ணைப் பார். அதில் உதவியாளர் இடங்களும் சேர்த்திதான், ஆனாலும் டீச்சர் இல்லாத ஒவ்வொரு மையத்துக்கும் யாரோ ஒருத்தி இரண்டு சாவி வைத்திருந்திருப்பாள்.

அதனால்தான் அம்மிணி, மனுவில் "மையம் வேண்டும்" என்று மட்டும் எழுதாதே. "பணியாளரும் உதவியாளரும் நியமிக்கப்பட்ட மையம்" என்று எழுது. இல்லாவிட்டால் போர்டு வரும், ஆள் வாரத்துக்கு இரண்டு நாள் வரும்.

லைன்வீட்டுக்காரி

மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

நர்ஸம்மா தங்கமானவர். பட்டியலைக் கொடுக்க முடியாது, உட்கார்ந்து ஒத்துப் பார் என்றார். என் 47இல் 39 பேர் அவரிடம் இருந்தார்கள். அவரிடம் இருந்து என்னிடம் இல்லாதவர்கள் 5 பேர், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போயிருந்த வீடுகள். நான் எடுத்த 8 பேர் அவரிடம் இல்லை, எல்லோரும் புதிதாக வந்தவர்கள். அதில் மூன்று குழந்தைக்கு ஊசி பாக்கி, அவர் அன்றைக்கே குறித்துக்கொண்டார். இப்போது மொத்தம் 52.

கோயில் மையத்து டீச்சர் முதலில் முகம் கொடுக்கவில்லை. புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று பயந்திருக்கிறார். அவரும் இரண்டு சாவிக்காரர்தான். அப்புறம் அவரே, இன்னொரு சாவிக்கு உரிய மையத்தில் ஒன்பதே குழந்தைகள் என்று மெதுவாகச் சொன்னார்.

திங்கட்கிழமை அரை ஷிஃப்ட் விட்டுவிட்டு மனு கொடுத்தேன், நம்பர் வாங்கிவிட்டேன். கூட வந்தது ஒடிசா அக்கா. தமிழில் அவருக்குத் தெரிந்தது "டைலர்", "லேபிள்", "சாப்பாடு". கையெழுத்து ஒடியாவில் போட்டார், வாங்கிய சார் ஒன்றும் சொல்லவில்லை. ஓனர் கடைசி வீட்டைத் தரச் சம்மதித்தார், ஆனால் வாடகை மாதாமாதம் வருமா என்று கேட்கிறார்.

டீச்சரம்மா, ஒரு சந்தேகம். சூப்பர்வைசர் அடுத்த வாரம் நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேலை நாளில் வந்தால் பாதி வீடு பூட்டிக் கிடக்குமே?

பழைய டீச்சர்

காலையில் எட்டு மணிக்குள் வரச் சொல். முடியாது என்றால் பூட்டின வீட்டு ஜன்னலைத் திறந்து காட்டு, உள்ளேதானே இருக்கிறார்கள் பிள்ளைகள். ஓனரிடம் வாடகை தாமதமாகத்தான் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடு. அப்புறம், ஒடிசாப் பெயர்களை நம் காதில் விழுகிற மாதிரி எழுதாதே. அம்மா ஆதாரில் என்ன எழுத்தோ அதே எழுத்து. என் ரிஜிஸ்டரில் ஒரே பிள்ளை மூன்று பெயரில் இருந்தது, கடைசி வரைக்கும் எனக்குத் தெரியவே இல்லை.