மொட்டைமாடியில் சம்பு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

கவிதா: பெரியப்பா, மொட்டைமாடியில் சிமென்ட் தொட்டி வைத்துவிட்டோம். அல்லி இரண்டு போட்டாயிற்று. அதற்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஏதாவது நின்றால் நன்றாக இருக்கும். நர்சரியில் குடைக்கோரை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எடுக்கட்டுமா?

பெரியப்பா: அது ஆப்பிரிக்கப் பக்கத்துச் செடிம்மா. நம் ஏரிக்கரைச் செடி இருக்கும்போது அது எதற்கு? சம்பு வை.

மதன்: பத்தமடைப் பாய் நெய்வார்களே, அதுவா?

பெரியப்பா: இல்லை தம்பி, அது கோரை. அதில் தண்டைக் கிழித்து நெய்வார்கள். சம்பு வேறு. சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கம் போகும்போது பார்த்திருப்பாய், நாடா போல நீள இலை, நடுவில் காப்பிப்பொடி நிறத்தில் உருளையாக ஒரு கதிர். அந்த உருளைதான் பெண் பூ. அதற்கு மேலே ஒல்லியாக இருப்பது ஆண் பூ, மகரந்தம் கொட்டியதும் உதிர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் வெறும் காம்பு தெரியும்.

மதன்: அப்படியென்றால் பள்ளிக்கரணையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கி வந்துவிடலாமே!

பெரியப்பா: கூடவே கூடாது. அங்கே காப்புக்காடு. 2022-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்த இடம். நீலத் தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை அந்தச் சம்புப் புதரை நம்பித்தான் இருக்கிறது. என்னிடமே நாற்று இருக்கிறது, தருகிறேன்.

சித்தப்பா: கவிதா, தொட்டி எத்தனை லிட்டர்?

கவிதா: 300, சித்தப்பா.

சித்தப்பா: அப்போது தண்ணீர் மட்டுமே 300 கிலோ. தளத்தின் நடுவில் வைக்காதே. கீழே சுவரோ உத்தரமோ ஓடுகிற இடமாகப் பார்த்து நகர்த்து, நிரப்புவதற்கு முன்னாலேயே.

சித்தி: கொசு வராதா மாமா?

பெரியப்பா: மீன் இல்லாவிட்டால் வரும்மா. பத்து கப்பி மீன் விட்டால் போதும், புழுவைத் தின்றுவிடும்.

கவிதா: தொட்டி அடியில் மண் போட்டு நேராக நட்டுவிடலாமா?

பெரியப்பா: அந்தத் தப்பை மட்டும் செய்யாதே. நான் செய்து பட்டுவிட்டேன். குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, மண் கொட்டி நட்டேன். தண்ணீர் தினமும் இரண்டு விரல் இறங்கியது. வெயிலில் வற்றுகிறது என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மண்ணை அள்ளிப் பார்த்தால், பனைமுளை மாதிரி வெள்ளையாக, கூராக, தார்ப்பாயைக் குத்திக்கொண்டு மூன்று முளை வெளியே போயிருந்தது. கிழங்கு பக்கவாட்டில் ஓடும் செடி அது. அதை அடைத்துத்தான் வளர்க்க வேண்டும்.

பெரியப்பா: ஓட்டையில்லாத 20 லிட்டர் வாளி. வயல் களிமண். எரு, தேங்காய்நார் எதுவும் வேண்டாம், மிதந்து தண்ணீரைக் கலக்கும். மேலே இரண்டு விரல் மணல். அப்புறம் வாளியோடு தொட்டிக்குள் இறக்கு. மண்ணுக்கு மேல் அரைச் சாண் தண்ணீர் நின்றால் போதும். மாடிக் காற்றில் சாய்ந்துவிடும், மண் போடும் முன்பே வாளிக்குள் அடியில் கனத்துக்குச் செங்கல் ஒன்று வை.

கவிதா: வாடின இலையை எப்படி எடுப்பது?

பெரியப்பா: நல்ல கேள்வி. தண்ணீருக்கு மேலே ஒரு சாண் விட்டு வெட்டு, உள்ளே வைத்து வெட்டாதே. ஒரு இலையைக் குறுக்கே அறுத்துப் பார், உள்ளே சின்னச் சின்ன அறைகளாக இருக்கும். சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குக் காற்று அந்த வழியாகத்தான் இறங்குகிறது. தண்ணீருக்குள் எல்லாவற்றையும் வெட்டினால் மூச்சடைத்து அழுகிவிடும்.

மதன்: அப்பாயி பக்கத்தில்தான் இருக்கிறார்கள், சொல்லச் சொல்லத் தட்டுகிறேன்: “எங்க வாய்க்கால் முழுக்கச் சம்புதான். அந்தப் பஞ்சைத் தலையணைக்கு அடைப்போம். ஒரு கதிர் வெடிச்சா வீடு முழுக்கப் பறக்கும், முற்றத்தில் வச்சு உரிக்கணும்.”

பெரியப்பா: அம்மா சொல்வது சரி. கதிர் பழுத்து வெடிப்பதற்குள் வெட்டிவிடு கவிதா. விதை காற்றில் எங்கும் போகும். வருடம் ஒருமுறை கிழங்கைப் பிரிக்கும்போது மிச்சத்தை வெயிலில் நன்றாகக் காயவை. ஏரியிலோ சாக்கடையிலோ எறிந்துவிடாதே, அங்கேயே அடைத்துக்கொள்ளும்.

கவிதா: ஞாயிறு காலை வருகிறேன் பெரியப்பா.

பெரியப்பா: வா. ஈரச் சாக்கு ஒன்று கொண்டு வா. இலையைப் பாதியாக நறுக்கித்தான் தருவேன், மொட்டையாக இருக்கிறதே என்று பயப்படாதே. அப்படி நட்டால்தான் சாயாமல் வேர் பிடிக்கும்.

மதன்: “கதிர் வந்ததும் எனக்கு ஒண்ணு எடுத்து வை”ன்னு அப்பாயி சொல்லச் சொன்னார்கள்.