டெல்லியில் ஒரு நாள், முதுகில் மூன்று மூட்டை: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம் மக்களே. உத்தரகாண்டில் இருக்கிற கேதார்காந்தா மலை ஏறுவதற்காக மதுரையிலிருந்து மூன்று பேர் வந்து பகாட்கஞ்சில் ஒரு அறையில் கிடக்கிறோம். நாளை ராத்திரி கஷ்மீரி கேட்டிலிருந்து டேராடூன் பஸ், அப்புறம் மலை ஏற ஆரம்பிக்கிற ஊரான சாங்க்ரி.

சிக்கல் மூட்டைதான். காலையில் அறையைக் காலி செய்யணும், ஸ்டேஷன் கிளோக் ரூமில் கேட்டால் பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டோம் என்கிறார்கள், கயிறு இழுத்துக் கட்டுகிற பையில் பூட்டை எங்கே மாட்டுவது? ஒருத்தன் சைக்கிள் செயினைச் சுற்றிப் பார்த்தான், ஏதோ கன்றுக்குட்டியைக் கட்டிவைத்த மாதிரி இருந்தது. கரோல் பாக் பக்கமோ ஆர்.கே.புரத்திலோ நம்ம ஆட்கள் யாராவது சாயங்காலம் வரை வைத்துக்கொள்ள முடியுமா?

நாளை திங்கள், செங்கோட்டை லீவு. அதனால் ஹுமாயூன் கல்லறை, பிறகு மலை மந்திரில் முருகனைப் பார்த்துவிட்டு அங்கேயே பக்கத்தில் சாப்பாடு என்று யோசனை. மெட்ரோவில் சரியாக வருமா, ஆட்டோவா? எங்களுக்குத் தெரிந்த இந்தி 'கித்னா' (எவ்வளவு) மட்டும்தான், பதில் சொன்னால் புரியாது.

இன்னொன்று, உச்சி 12,500 அடி, பனி இருக்கும் என்கிறார்கள். ஷூவில் மாட்டும் மைக்ரோஸ்பைக் இங்கேயே வாங்கிவிடலாமா, சாங்க்ரியில் வாடகைக்குக் கிடைப்பதே போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.