பழைய ரவுண்டு டோர் ஃப்ரிட்ஜ் வாங்கி தினப்புழக்கத்துக்கு வெக்கலாமா? காரைக்குடி பக்கம்

பள்ளத்தூர்_மாப்ளை:
வணக்கம் மக்களே. வேலைய வீட்டுல இருந்தே பாத்துக்கலாம்னு சென்னைய விட்டு ஐயா வீட்டுக்கே வந்துட்டோம். வளவு, பட்டாலை எல்லாம் பொது, எங்க பங்குக்கு ரெண்டு அறையும் ரெண்டாங்கட்டுல ஒரு அடுப்படியும்தான், மத்ததெல்லாம் பங்காளிங்க பூட்டி வெச்சிருக்காக. தேக்குத் தூணுக்குப் பக்கத்துல கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் நின்னா பாக்கச் சகிக்கலைன்னு வீட்ல சொல்றாக, எனக்கும் பழைய சாமான் பைத்தியம் உண்டு. முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரே கடையில ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு கெல்வினேட்டர், வெள்ளை, அடியில கொஞ்சம் துரு, பின்னாடி தகட்டுல 230 வோல்ட் 50 சைக்கிள் எஃப் 12ன்னு இருக்கு. இன்னொண்ணு அமெரிக்காக்காரன் சரக்கு, குரோம் கைப்பிடி, 115 வோல்ட் 60 சைக்கிள், பாக்க அம்சமா இருக்கு, விலையும் டபுள். ரெண்டுமே "கேஸ் மட்டும் ஏத்தினாப் போதும் தம்பி"ங்குறாரு கடைக்காரர். நாலு பேருக்குப் பால், இட்லி மாவு, காய்கறி, ஞாயித்துக்கெழமை கறி இவ்வளவுதான் தேவை. ஷோவுக்கு இல்ல, நெசமாவே ஓட்டணும். எதை எடுக்க?

கூலிங்_அண்ணே:
தம்பி, ஓட்டணும்னா அமெரிக்கா வண்டிய விட்டுருங்க. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டா வோல்ட்டேஜ்தான் எறங்கும், செகண்டுக்கு 60 தடவை மாறுற கரண்டு, அதான் அந்த 60 சைக்கிள், நம்ம ஊர்ல எங்க இருந்து வரும்? இங்க 50தான். 50ல ஓடும்போது மோட்டார் ஆறுல அஞ்சு பங்கு ஸ்பீடுதான் சுத்தும், கூலிங் கம்மி ஆகும், 115ஐ அப்பிடியே குடுத்தா சூடும் ஏறும். 100 வோல்ட்டுக்குக் கீழ எறக்கி ஓட்டுறவுங்க இருக்காக, ஆனா சித்திரை வெயில்ல அது தினப்புழக்கத்துக்கு ஆகாது.

அப்பறம் இந்த "கேஸ் மட்டும்" பேச்சு. ஃப்ரிட்ஜ் கேஸ் பெட்ரோல் கணக்கா ஓடி ஓடித் தீர்றது கெடையாது, தீந்துருச்சுன்னா எங்கயோ ஓட்டை. பாதிக்கு மேல யாராச்சும் ஐஸைக் கத்தியால குத்தி ஃப்ரீசர் தகட்டுல விட்ட ஓட்டையாத்தான் இருக்கும். எந்த வண்டியா இருந்தாலும் ப்ளக்கு சொருகறதுக்கு முன்னாடி கரண்ட் பாடிக்குக் கசியுதான்னு காட்டுற மெக்கர் மீட்டர் வெச்சு மோட்டார் வைண்டிங்குக்கும் பாடிக்கும் நடுவுல பாக்கணும், ரெண்டு மெகா ஓமுக்கு மேல காட்டினா ஓட்டிப் பாருங்க. அரை மணி நேரத்துல பின்பக்க ஜல்லடை மேலருந்து சூடாகி, ஃப்ரீசர் முழுக்க ஒரே மாதிரி பனி பூத்துச்சுன்னா உள்ள கேஸ் இருக்கு, அதுக்கப்பறம் அந்த கேஸ் லைனை யாரையும் தொட விடாதீங்க. ஓடுற லைனை "சர்வீஸ் பண்றேன்"னு வெட்டித்தான் பாதி பழைய ஃப்ரிட்ஜ் செத்துப்போச்சு.

பழசுதேடி:
அண்ணே சொன்னது மிஷினுக்கு. ஆனா கம்ப்ரசரப் பாத்தே எல்லாரும் பயப்படுறாங்க, தினப்புழக்கத்துல உசுர எடுக்கறது கதவு ஓரத்து ரப்பர் கேஸ்கெட்டும், ஃப்ரிட்ஜ் செவுத்துக்குள்ள குளிர் போகாம தடுக்குற கிளாஸ் வுல்லும், வயரும்தான். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு உள்ள டார்ச்ச எரிய விட்டுக் கதவை மூடிப் பாருங்க, எங்க வெளிச்சம் கசியுதோ அங்க காசும் கசியுது. காந்தக் கேஸ்கெட் அளவு குடுத்தா செஞ்சு தர்றாங்க, ஆனா பழைய மாடல்ல கதவு வந்து ஒட்டுற எடத்துல தகரம் இருக்கா, பிளாஸ்டிக் பட்டையான்னு முதல்ல பாருங்க. பிளாஸ்டிக்கா இருந்தா காந்தம் எதுல ஒட்டும்? பழைய மாதிரி உள்ள கூடா இருக்குற ரப்பர்தான் போடணும். கிளாஸ் வுல் ஈரமா நாத்தம் அடிச்சா வெளிய எடுத்துக் காய வைங்க, கையுறை, முகத்துக்குத் துணி கட்டாயம், நம்ம ஊர் வெயிலுக்கு நல்லாவே காஞ்சிரும், மக்கிப்போயிருந்தா புதுசு. ஃபோம் அடிச்சுரலாம்னு டிங்கர் சொல்லுவாரு, வேணாம், அது உப்பித் தகரத்தைத் தள்ளும், பின்னால எதையும் கழட்ட முடியாது.

உள்பக்கம் எனாமலா இருந்தா தேய்க்காதீங்க, சோப்புத்தண்ணி போதும். வெளிப் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், உப்புத்தாளைத் தண்ணி தொட்டுத்தான் ஓட்டணும், பிள்ளைங்க பக்கத்துல வேணாம். கைப்பிடிக்குக் குரோம் வேணும்னா நான் மதுரைக்குத்தான் குடுத்தேன். எலக்ட்ரோ கெமிக்கலுக்குன்னே சிக்ரி ஆராய்ச்சி நிலையம் இருக்குற ஊர்ல இருந்துக்கிட்டு பிளேட்டிங்குக்கு பஸ் ஏற வேண்டியிருக்கு, என்னத்தச் சொல்ல.

தலைக்கு மேல உருண்டையா கம்ப்ரசர் உக்காந்திருக்குற 1927ல வந்த ஜிஇ மாடலைக் காட்டி ஆசை காட்டினா அதுல சல்ஃபர் டை ஆக்சைடு இருக்கும், மூச்சை அடைக்கும், வீட்டுக்குள்ள வேணாம். மண்ணெண்ணெய் ஃப்ரிட்ஜும் அப்படித்தான், அமோனியாவும் ஹைட்ரஜனும் உள்ள, வெல்டிங்னு யாரும் கிட்ட போகக்கூடாது.

தேவகோட்டை_ஆச்சி:
தம்பி, எங்க வீட்டுல என் கல்யாணத்துக்குச் சீர் சாமானோட பரப்பி வெச்ச ஃப்ரிட்ஜ் இன்னைக்கும் ஓடுது, அதனால சொல்றேன். முதல்ல அந்தக் கதவு. கொக்கி விழுந்தா உள்ள இருந்து தெறக்க முடியாது. அமெரிக்காவுல பிள்ளைங்க உள்ள மாட்டி எறந்து போயித்தான் 1956ல சட்டமே போட்டாக. லீவுக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைக அம்புட்டும் வந்து வளவுல ஒளிஞ்சு வெளையாடும். ரிப்பேர் முடியற வரைக்கும் கதவைக் கழட்டித் தனியா வைங்க, முடிஞ்சப்பறம் கொக்கிய எடுத்துட்டு அமுக்கினாத் தெறக்குற கிளிப்பு போடச் சொல்லுங்க, அழகு கொறஞ்சாக் கொறஞ்சுட்டுப் போகுது.

ரெண்டாவது ஷாக்கு. பழசுல ரெண்டு பின் ப்ளக்குதான் வரும், நம்ம வீட்டு வயரிங்லயும் எர்த்து இருக்காது. ஆத்தங்குடிக் கல்லுல தண்ணி விட்டுக் கழுவிட்டு வெறுங்கால்ல நின்னு கதவைத் தொடுவாக. எர்த்துக்குழி வெட்டி, மூணு பின் போட்டு, கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ணுற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டாம ஒரு நாள் கூட ஓட்டாதீக.

மாவு, பாலு, மோரு எல்லாத்துக்கும் இது தாராளம். கறிதான் சரிப்படாது, அந்தச் சின்னப்பொட்டி பனிக்கட்டி வெக்கத்தான், மறுநாளே தீத்துருங்க. ஒரு டம்ளர் தண்ணில தெர்மாமீட்டரப் போட்டு நடுத்தட்டுல ராத்திரி வெச்சுப் பாருங்க, காலைல 5 டிகிரிக்கு மேல நின்னா கேஸ்கெட்டப் பாக்கணும். ஐஸு கால் இஞ்சு கட்டினா ஆஃப் பண்ணிக் கதவைத் தெறந்து போட்டுரணும், கத்தி ஆகவே ஆகாது. விறகடுப்புப் பக்கமும் வேணாம், செவுத்தோட ஒட்டியும் வெக்காதீக.

பள்ளத்தூர்_மாப்ளை:
ஆச்சி, அண்ணே, ரொம்ப நன்றி. கெல்வினேட்டரத்தான் பாத்தேன். மெக்கர்ல 20 காட்டுச்சு, ஓடுது, ஆனா பனி பூக்கலை, ஃப்ரீசர் மூலைல எண்ணெய்க் கசிவு. அப்ப ஓட்டைதானே? தகட்டுல இருக்குற எஃப் 12, அதான் ஆர் 12 கேஸ், இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு, ஏத்தலாமா?

கூலிங்_அண்ணே:
எண்ணெய் எங்க தெரியுதோ ஓட்டை அங்கதான். ஆர் 12ஐ இந்தியாவுல செய்யறத 2008லயே நிறுத்தியாச்சு, இப்ப அந்தப் பேர்ல வர்ற டின்னுல என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாது, வாங்காதீங்க. அதுக்குப் பதிலா வந்த 134ஏ கேஸ் ஏத்தணும்னா உள்ள இருக்குற மினரல் ஆயிலோட அது சேராது, ஆயில், ஃபில்டர், கேபிலரிங்குற மெல்லிசுக் குழாய் எல்லாத்தையும் மாத்தணும், அந்த வேலைக்குப் புது 134ஏ கம்ப்ரசரையே கீழ உக்கார வெச்சுரலாம். இன்னொண்ணு ப்ரொபேனும் ஐசோப்யூட்டேனும் பாதிப் பாதி கலந்த கேஸ், பழைய ஆயிலோட ஒத்துப்போகும், ஆர் 12 எடையில பாதிக்கும் கம்மியாத்தான் ஏத்தணும். ஆனா தீப்பிடிக்கற சரக்கு, உள்ள இருக்குற தெர்மோஸ்டாட்டும் பல்பு சுவிட்சும் பொறி விடும், ரெண்டையும் வெளிய மாத்தாம செய்யக்கூடாது. நானா இருந்தா புது கம்ப்ரசர்தான். கழட்டுன பழசைத் தூக்கிப் போட்டுறாதீங்க, ஒரு மூலைல கெடக்கட்டும்.

பழசுதேடி:
ஓட்டைன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, விலையப் பாதியாக் கேளுங்க. தட்டுங்க, காய்கறி டப்பா, கதவு உள்தகடு மூணும் முழுசா இருந்தா மட்டும். அதெல்லாம் இப்ப எங்கயும் கெடைக்காது.

பள்ளத்தூர்_மாப்ளை:
டப்பா மூடி மட்டும் இல்ல. கண்ணாடி வெட்டிப் போட்டுக்கலாம்ல?

பழசுதேடி:
தாராளமா. ஓரத்தை மழுக்கி வாங்குங்க.