மறு: 'ஹேடர்' – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

பழைய போலந்து, லித்துவேனியா பக்கத்து யூதச் சிற்றூர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நான்கு வயதுப் பையன்கள் எழுத்தும் வேதமும் படிக்கப் போகும் இடம் 'ஹேடர்'. பக்கத்துக்குப் பத்து முறை வருகிறது. கைவசம் இருப்பவை: யூதப் பள்ளி, வேதபாடசாலை, திண்ணைப் பள்ளி, பள்ளியறை. எது தேறும்?

---

> கைவசம் இருப்பவை...

கடைசியை முதலில் கழித்துவிடலாம் ஐயா. பள்ளியறை என்பது இரவில் சுவாமியைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கும் இடம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அங்கே வேலையில்லை.

'யூதப் பள்ளி' சாதுவாகத் தெரியும், ஆனால் கவிழ்த்துவிடும். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடத்தை மலையாளத்தில் 'ஜூதப்பள்ளி' என்கிறார்கள். நம்மிடம் பள்ளிவாசல் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், யூதர்களின் இத்திஷ் மொழியிலும் இதே கதைதான்: பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லோடு உறவுடைய 'ஷூல்' அவர்களுக்குத் தொழுகைக்கூடம். ஆகவே உங்கள் கட்டுரையில் 'பள்ளி' வந்தால் பையன் படிக்கப் போனானா, தொழப் போனானா என்று வாசகர் குழம்புவார்.

வேதபாடசாலையில் பிள்ளைகள் குருவோடு தங்கி, ஏடு பாராமல் செவிவழி மனப்பாடம் செய்வார்கள். ஹேடர் பையன் ராத்திரி வீட்டுக்குப் போய்விடுவான். குளிர்காலத்தில் கையில் லாந்தரோடு. அங்கே எல்லாம் புத்தகத்தில் விரல் வைத்துத்தான்.

திண்ணைப் பள்ளிதான் என்னையும் சபலப்படுத்தியது. ஒரே ஆசிரியர், அவர் வீடு, பெற்றோர் தரும் சம்பளம் – எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் திண்ணையில் எண்சுவடி உண்டு, கணக்கு உண்டு. பழைய ஹேடரில் எழுத்து, வழிபாட்டு நூல், யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோரா, பிறகு யூத அறிஞர்களின் சட்ட விவாதத் தொகுப்பான தால்மூத், அவ்வளவே. தவிர, திண்ணை தெருவைப் பார்த்தது. ஹேடரோ ஆசிரியர் குடும்பம் குடியிருந்த அறையேதான். எபிரேயத்தில் அந்தச் சொல்லின் பொருளே 'அறை'. இன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பெரிய கட்டடத்தில் நடந்தாலும் பெயர் அறைதான்.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சொல் சொல்ல வேண்டும். ஆசிரியர் குச்சியால் எழுத்தைக் காட்டுவார். எழுத்து ஆலெஃப், அடியில் இருக்கும் உயிர்க்குறி கோமெட்ஸ். "கோமெட்ஸ் ஆலெஃப் – ஓ" என்று பிள்ளைகள் கத்த வேண்டும். நம் 'க்'கும் 'அ'வும் சேர்ந்து 'க' ஆவது மாதிரி. முதல் நாள் எழுத்துகளின் மேல் தேன் தடவி நக்கக் கொடுப்பது பழைய வழக்கம். படிக்கும்போது மேலேயிருந்து பக்கத்தின் மேல் ஒரு காசு விழும். தேவதூதன் போட்டானாம், போட்டவர் பின்னால் நிற்பார்.

வாசிக்கத் தெரிந்ததும் தோரா. ஆனால் உலகம் படைத்த கதையில் ஆரம்பிக்க மாட்டார்கள். மூன்றாம் நூலான லேவியராகமத்தில், பலிச் சட்டங்களில் ஆரம்பிப்பார்கள். தூயவர்களான பிள்ளைகள் தூயவற்றைப் படிக்கட்டும் என்று பழைய வேத விளக்க நூலான மித்ராஷ் காரணம் சொல்கிறது. அந்நூலின் முதல் சொல்லில் கடைசி எழுத்தாகிய ஆலெஃபைத் தோராச் சுருளில் சிறிதாகத்தான் எழுதுவார்கள், குழந்தைகளுக்காகவே என்பதுபோல. பிறகு சொல்லுக்குச் சொல் பொருள்: "வயிக்ரா" என்று எபிரேயத்தில் ஒரு இழுப்பு, "அவர் கூப்பிட்டார்" என்று இத்திஷில் ஒரு இழுப்பு. நம் பதவுரையை ராகம் போட்டுச் சொன்னால் எப்படியோ அப்படி. பள்ளிப் பிள்ளைகளின் வாய்மூச்சால்தான் உலகம் நிற்கிறது என்று தால்மூத்தே சொல்கிறது.

வாய், மூச்சு, சத்தம் – தமிழில் இதற்கு 'ஓது' இருக்கிறது. ஓது + அறை = ஓதறை. வினைத்தொகை. குற்றியலுகரம் கெட்டு இயல்பாகப் புணர்கிறது.

ஒரு எச்சரிக்கை. கட்டுரையில் 'தால்மூத் தோரா' வந்தால் நூல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏழைகள், அநாதைகளுக்காகச் சமூகம் செலவு செய்து நடத்திய பள்ளிக்கும் அதுதான் பெயர். 'ஊர் ஓதறை' எனலாம்.

---

ஓதறை காதுக்கு நன்றாக இருக்கிறது. இரண்டு சந்தேகம். 'ஓதுதல்' என்றதும் முஸ்லிம் வாசகர் குர்ஆன் என்றுதான் நினைப்பார். இன்னொன்று, 'அறை' என்றால் கன்னத்தில் விழுவதும்தானே? அப்புறம் ஆசிரியரை, 'மெலமெத்'தை, எப்படி அழைப்பது?

---

ஓதுதல் யாருக்கும் தனிச்சொத்து இல்லை அம்மா. சிவன் கோயிலில் தேவாரம் பாடுகிறவரும் ஓதுவார்தான். ஒரு சமயத்தார் வேதத்தை வாய்விட்டுப் படிப்பதற்கு அதைவிடப் பொதுவான சொல் நம்மிடம் இல்லை.

அறை விஷயம்: மெலமெத் கையில் 'காஞ்சிக்' என்ற தோல்வார்ச் சாட்டை இருக்கும். அந்தச் சிலேடையை நான் தேடிப் போகவில்லை. வந்ததை விரட்டவும் மனமில்லை.

மெலமெத்துக்குத் திண்ணைப் பள்ளி ஆசிரியரைச் சொல்லும் 'அண்ணாவி' போதும். அதிகம் படித்த ரப்பி, அதாவது யூத மத அறிஞர், அல்ல அவர். பெரும்பாலும் பிழைப்புக்கு வேறு வழியில்லாத ஏழை. 'குரு', 'ஆச்சாரியர்' எல்லாம் அவருக்குத் தொளதொளக்கும். உதவியாளான 'பெல்ஃபெர்' சட்டாம்பிள்ளை இல்லை, கவனிக்கவும். அவன் மாணவன் அல்ல, கூலிக்கு இருப்பவன். காலையில் வீடு வீடாகப் போய்ச் சின்னதுகளைச் சேற்றில் தோளில் தூக்கி வருவான். 'எடுபிடி' என்றே எழுதுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இந்தச் சொல்லை நீட்ட வேண்டாம். சாரா ஷெனிரர் 1917-இல் கிராகோவில் தொடங்கிய 'பெய்ஸ் யாகோவ்' முறையான பெண்கள் பள்ளி, ஓதறை அல்ல. அந்தப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

---

முதல் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்: "ஓதறைக்குப் போகமாட்டேன் என்று அவன் எடுபிடியின் தோளிலிருந்தே அழுதான்." ஓடுகிறது. பெரிய பையன்கள் தால்மூத் படிக்கும் 'யெஷிவா'வுக்குப் புது இழை தொடங்குகிறேன். 'உட்கார்தல்' என்று பொருளாம், அதற்கும் யாராவது வழி சொல்லுங்கள்.